செவ்வாய்க்கிழமை, நாலாம் மேசை

குக் டவுனில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம்,
ஒருகாலத்தில் யாரோ கார் நிறுத்திய ஷெட்டில்
எட்டு மேசை போட்டு நடக்கிறது
அந்த இத்தாலியச் சாப்பாட்டுக் கடை.
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துக்கு விளக்கு எரியாது.
எந்த எழுத்து என்று கேட்டால் சொல்லத் தெரியாது;
மிச்சம் இருப்பதையே பெயராகப் படித்துப் பழகிவிட்டேன்.

ரயில் போகும்போது
டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம்.
பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்துவார்கள்.
போனதும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்கள்.
சிலர் தொடங்கமாட்டார்கள்.

நான் கல்யாணமாகி வந்த வீட்டில்
வெங்காயம் இல்லை, பூண்டு இல்லை.
பெருங்காயம் உண்டு. அதற்கு மேல்
அபிப்பிராயம் உண்டு.
எட்டு வருஷம். குறை சொல்லவில்லை,
மாமியாரின் மோர்க்குழம்புக்கு
இரண்டாம் தடவை தட்டு நீட்டுகிறவள்தான் நான்.
ஆனால் செவ்வாய்க்கிழமைகளில்
ஆபீஸில் மீட்டிங் நீளும்.
நீளும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

மீட்டிங் நாலாம் மேசையில்.
அதற்கு ஒரு கால் குட்டை.
முட்டுக்கொடுத்த பழைய மெனுவில்
விலையெல்லாம் பாதியாக இருந்த காலம்
நசுங்கிக் கிடக்கிறது.

ரின்னா எனக்கு மெனு தருவதில்லை.
மிசோரம் பையன். தமிழில்தான் பேசுவான்,
சமையற்கட்டில் கற்ற தமிழ் என்பதால்
பாதி வசவு.
"அக்கா, பூண்டு ஒன்னா ரெண்டா?"
ரெண்டு என்றால் ரெண்டு பல் இல்லை,
ரெண்டு முழுப் பூண்டு.

சமையல் ஆரோக்கியதாஸ் அண்ணன்.
தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறார்.
அவர் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கினார்,
இவர் பாஸ்தா அண்டாவின் ஆவிக்குள்.
இத்தாலியைப் பார்த்ததில்லை.
"அவங்க மட்டும் சாம்பியன் ரீஃபைப் பார்த்தாங்களா?"
ஓர் இழையைக் கடித்து வெளிச்சத்தில் பிடிப்பார்.
நடுவில் மயிரளவு வெள்ளை நிற்கும்போதே
வடித்துவிட வேண்டும்.
"முழுசா வெந்தா முதுகெலும்பு போயிரும்மா."

போன செவ்வாய் மழை.
வாசலில் ஒழுகிக்கொண்டிருந்த குடைகளுக்கு நடுவில்
கைப்பிடியில் நீல ரப்பர் பேண்ட் சுற்றிய குடை.
எங்கள் வீட்டு ஆணியில் தொங்குவது அது.

ஏழாம் மேசையில், சுவரைப் பார்த்தபடி,
வாக்கிங் ஷூவோடு என் மாமனார்.
எச்.ஏ.எல்.லில் முப்பத்துநாலு வருஷம்
ஒரு திருகாணியைக்கூட ஒரு சுற்று அதிகம் திருகாதவர்
முள்கரண்டியைத் திருகிக்கொண்டே இருந்தார்.
மோவாயில் எண்ணெய் மின்னியது.
கண்ணை மூடி மென்றார்.
இப்படி ஒருநாளும் வீட்டில்
அவர் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

எழுந்து போய்விடலாம் என்று எழுந்தேன்.
மேசை ஆடியது. கரண்டி விழுந்தது.
அவர் திரும்பவும் ரயில் வரவும்
சரியாக இருந்தது.
பதினெட்டுப் பெட்டி, எண்ணினேன்.
அத்தனை பெட்டி தூரத்துக்கு
நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.
பிறகு அவர் தட்டுக்குத் திரும்பினார்.
நானும் உட்கார்ந்தேன். பசி இருந்தது.

ரின்னா குனிந்து கரண்டியை எடுத்தான்.
"அந்தப் பெருசு வியாழக்கிழமைதான் வரும்க்கா.
மழைல நாள் தப்பிருச்சு போல."
"அவருக்குப் பூண்டு எத்தனை?"
"மூணு."

நான் வீட்டுக்குப் போனபோது
குடை ஆணியில் இருந்தது, அடியில் சிறு குளம்.
டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்:
"மீட்டிங் முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது. உங்க வாக்கிங்?"
"மழை. ரொம்பத் தூரம் போக முடியலை."
அவர் வாயில் ஏலக்காய்.
என் வாயிலும்.

மாமியார் இருவருக்கும் மோர்சாதம் வைத்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
மோரில் மட்டும் அன்று
பெருங்காயம் தூக்கலாக இருந்தது.

ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.
தாஸ் அண்ணனின் ரயில்
இந்நேரம் பங்காரப்பேட்டை தாண்டியிருக்கும்.
ஜன்னல் கம்பியைப் பிடித்த விரலெல்லாம்
பூண்டு மணக்கும்.
அப்படியே போய்க் கதவைத் தட்டுவார்.